பின்வீட்டுக்கு வைஃபை எட்டலையா? ரிப்பீட்டரை நம்பாதீங்க!

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி மாதிரி ஊர்களில் முன்வீட்டில் அப்பா அம்மா, பின்வீட்டில் மகன் குடும்பம் என்று இருப்பது சகஜம். ஃபைபர் கனெக்‌ஷன் ஒன்றுதான். முன்வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஓடும். பின்வீட்டில் வீடியோ கால் சுத்திக்கிட்டே இருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இது வெறும் எரிச்சல் இல்லை, சம்பளப் பிரச்னை.

உடனே பலரும் வாங்குவது ரிப்பீட்டர். சிக்னல் கோடு ஏறும், ஸ்பீடு ஏறாது. வாங்குவதும் அனுப்புவதும் ஒரே ரேடியோ என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நடுவில் தகர ஷெட் இருந்தால் அதுவும் கிடையாது.

கேபிள்தான் சரி. ஆனால் எந்தக் கேபிள்? கேட்6 ஈதர்நெட் வயர் 100 மீட்டர் வரை போகும், விலையும் குறைவு. அதை மொட்டைமாடி வழியாக இழுத்துவிட்டால் ஐப்பசி மழைக்காலத்தில் வம்புதான். பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னல்கூட அந்தச் செம்புக் கம்பி வழியாக இரண்டு வீட்டு ரவுட்டர்களையும் காலி பண்ணிவிடலாம். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், பின்வீட்டில் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் மாட்டினால் வேலை முடிந்தது. இரும்புக் கம்பி சேர்க்காத ஃபைபரா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் கம்பி வைத்ததையே எடுத்து நீட்டுவார்கள்.

நடுவில் ரோடு குறுக்கிட்டால் மாடிக்கு மாடி நேராகப் பார்க்கும் 5 கிகாஹெர்ட்ஸ் பாயின்ட்-டு-பாயின்ட் ரேடியோ உண்டு. பவர் வரம்புக்குள் இருந்தால் 2018 முதல் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை.