உழவர் கேள்வி – அலுவலர் பதில்: உழவில் கிடைத்த கறுப்புக் கல் விண்கல்லா?

கேள்வி: ஐயா, கோடை உழவில் கலப்பையில் ஒரு கறுப்புக் கல் சிக்கியது. 4 கிலோ இருக்கும். காந்தம் ஒட்டுகிறது. வெளியூர்க்காரர் ஒருவர், "இது விண்கல், லட்சக்கணக்கில் போகும். சோதனைச் செலவுக்கு ரூ.15,000 கொடுங்கள்" என்கிறார். யாரிடம் காட்டுவது?
– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: முதலில் ஒன்று. அவரிடம் பணத்தையும் கொடுக்காதீர்கள், கல்லையும் கொடுக்காதீர்கள். இரிடியம் கலசம் என்று ஏமாற்றியவர்களும் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார்கள்.

காந்தம் ஒட்டினாலே விண்கல் ஆகிவிடாது. உங்கள் கஞ்சமலை இரும்புத் தாதுவிலும் காந்தம் ஒட்டும். முன்காலத்தில் இரும்பு உருக்கிய இடங்களில் கிடக்கும் கிட்டமும் கறுப்பாக, கனமாகவே இருக்கும்.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். கல்லில் காற்றுக் குமிழி போல ஓட்டைகள் நிறைய இருந்தால், அது பெரும்பாலும் கிட்டம். பீங்கான் டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ அழுத்தமான கோடு விழுந்தால், பெரும்பாலும் இரும்புத் தாது. புதிதாக விழுந்த விண்கல்லுக்கு மேலே மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும். அதைப் பார்க்க ஆசைப்பட்டுக் கல்லை உடைக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். திரும்பத் திரும்பக் காந்தம் வைக்காதீர்கள், ஆராய்ச்சிக்கு உதவும் தடயம் அழிந்துவிடும்.

நான் மண்ணைப் படித்தவன். கல்லை உறுதியாகச் சொல்ல புவியியல் படித்தவர் வேண்டும். கல்லின் பக்கத்தில் தீப்பெட்டி வைத்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். எடை, கிடைத்த இடம், ஆழம், தேதி எழுதிக்கொள்ளுங்கள். அவற்றோடு சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள கனிமவளப் பிரிவுக்கோ போய்க் காட்டுங்கள். அவர்களுக்கும் சந்தேகம் வந்தால், அடுத்தது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அதன் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நம் நாட்டில் கிடைக்கும் விண்கற்களைப் பாதுகாப்பது அந்தத் துறைதான். அதனால் லட்சங்களை எண்ணிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

விண்கல்லாக இருக்கவே முடியாது என்றும் சொல்லமாட்டேன். 2008 செப்டம்பர் 12 காலை, கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பகுதியில் விழுந்த விண்கல் துண்டுகள் மொத்தம் சுமார் 110 கிலோ.

கிட்டம் என்று தெரிந்தாலும் தூக்கி எறியாதீர்கள். நிலத்தில் அது நிறையக் கிடந்தால், அங்கே பழைய இரும்பு உலை இருந்திருக்கலாம். தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். முடிவு தெரிந்ததும் நமக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.