கல்லறைக் கல்லில் மூன்று சொற்கள்



கல்லறைக்குக் கல் வெட்டுபவர் எழுத்துக் கணக்கில்தான் கூலி பேசுவார். ஆதலால் இறந்தவரைப் பற்றி வீட்டார் சொல்ல விரும்புவதெல்லாம் ஓரிரு சொற்களுக்குள் அடங்கிவிட வேண்டியதாகிறது. 2023-ஆம் ஆண்டு எங்கள் ஊரில் 92 வயதில் இறைவனடி சேர்ந்த ஓர் ஆசிரியையின் கல்லுக்கு, பெயரும் ஆண்டுகளும் போக, மூன்று சொற்கள் போதும் என்று பிள்ளைகள் மூவரும் ஒருமனதாக முடிவு செய்தனர்: ஆசிரியை, மனைவி, தாய். ஆயினும் எந்தச் சொல் முதலில் நிற்பது என்பதில் அவர்களுக்குள் பிணக்கு எழுந்தது. ஐந்து மாதங்கள் கல் எழுத்தில்லாமலே கிடந்தது. இறுதியில் மூவரும் என்னைத் தேடி வந்தார்கள்.

நான் அவ்வூர்ப் பங்குத்தந்தை அல்லன், அவ்வூரில் பிறந்தவன். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மணலும் கோவிலும் பள்ளியும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் சிற்றூர்களில் அதுவும் ஒன்று. பெயரும் ஊரும் எழுத வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்று மூத்த மகள் இசைவு தந்ததால் இதனை எழுதுகிறேன். எழுத வேண்டிய கடமையும் எனக்கு உண்டு. அது ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அவர் 1931-இல் பிறந்தவர். கன்னியர் நடத்திய பயிற்சிப் பள்ளியில் பயின்று, இருபது வயதில் எங்கள் பங்குப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். 1989 வரை அங்கேயே இருந்தார். ஊரில் ஆசிரியைகள் பலர் இருந்தும் ‘டீச்சர்’ என்றால் அவர் ஒருவரைத்தான் குறிக்கும்.

கடற்கரைப் பள்ளியில் வருகைப் பதிவேட்டை நிரப்புவது எளிதன்று. மீன்பாடு உள்ள நாளில் பையன்கள் கரைக்கு ஓடிவிடுவார்கள். மீன்பாடு இல்லாத நாளில் பசியோடு வருவார்கள். 1956-இல் காமராசர் ஆட்சியில் பகலுணவுத் திட்டம் வந்தபோதுதான் பசித்த பிள்ளைக்குப் பாடம் சொல்லும் பாவம் தம்மை விட்டது என்று டீச்சர் சொல்வார். பெண்பிள்ளைகள் செய்தியே வேறு. வயதுக்கு வந்ததும் அவர்கள் பெயர் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். டீச்சர் மாலையில் அந்த வீடுகளுக்குப் போவார். திண்ணையில் உட்காரமாட்டார், உட்கார்ந்தால் காப்பி கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவார்களாம். நின்றபடியே, “நாளைக்கு அனுப்புங்க” என்பார். அனுப்பாவிட்டால் மறுநாளும் வந்து நிற்பார். என் சொந்த அத்தை எட்டாம் வகுப்பு முடித்தது இப்படி ஒன்பது மாலைகள் அவர் எங்கள் வாசலில் நின்றதனால்தான்.

என் பாட்டி கூடையில் மீன் சுமந்து விற்றவர். அவர் சொல்லக் கேட்ட ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். 1957 ஏப்ரல் முதல் நாள் பழைய அணாக் கணக்குப் போய் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று புதுக் கணக்கு வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா. நூறைப் பதினாறால் வகுத்தால் மீதமின்றி வருமா? ஆகவே ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அரசாங்கம் வகுத்தது. எழுத்தறியாத மீன்காரப் பெண்கள் திகைத்துப் போனார்கள். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் படிக்கட்டில் அவர்களை உட்கார வைத்துச் சிப்பிகளைக் கொண்டு கணக்குச் சொல்லித் தந்தார். “ஓர் அணா மீனை நாலு பேருக்குத் தனித்தனியாக விற்றால் இருபத்துநாலுதான் கையில் வரும். நாலணாக் கூறாக விற்றால் இருபத்தைந்து. அந்த ஒரு பைசா யார் பைக்குப் போகிறது, யோசியுங்கள்” என்றாராம். பாட்டி சாகும்வரை கூறு வைத்தே விற்றார். படிப்பு என்றால் இன்னதென்று எங்கள் வீட்டிற்கு விளங்கியது அந்த ஒரு பைசாவில்தான்.

நான் அவரிடம் மூன்றாம் வகுப்புப் படித்தது 1978-இல். அவ்வாண்டுதான் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. யானைத் துதிக்கை போல் முன்னால் வளைந்து நின்ற ‘லை’யும் ‘னை’யும், சுழித்துக்கொண்டிருந்த ‘ணா’வும் ‘றா’வும் போய், இன்று நாம் எழுதும் வடிவங்கள் வந்தன, மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். இருபத்தேழு ஆண்டுகள் ஒரு விதமாக எழுதிய கை ஒரு வாரத்தில் மாற வேண்டும். கரும்பலகையில் பழக்கத்தில் பழைய ‘லை’யை எழுதிவிடுவார், நாங்கள் கூச்சலிடுவோம். உடனே அழித்துவிட்டு, “இன்றைக்கு நீங்கள் எனக்கு டீச்சர்” என்பார். ஆனால் பின்னாளில் குருமடத்தில் எனக்கு வந்த அவருடைய கடிதங்களில் துதிக்கைகள் அப்படியே இருந்தன. பள்ளிக்கு அரசாணை, அன்புக்குப் பழைய எழுத்து என்று வைத்திருந்தார் போலும்.

எனக்குக் குருப்பட்டம் ஆன அன்று முழந்தாளிட்டு என் கைகளை முத்தி செய்தார். அதுவரை ‘ஏலே’ என்றவர் அன்றுமுதல் ‘சாமி’ என்றும் ‘நீங்க’ என்றும்தான் அழைத்தார். ஒரு முறை மட்டும் அது தவறிற்று. ஒரு திருமணப் பூசைக்கு நான் அரைமணி நேரம் தாமதமாகப் போனேன். திருவுடை அணியும் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, “ஏலே, மணி என்ன?” என்றார். அதன்பின் நான் எந்தப் பூசைக்கும் தாமதமாகப் போனதில்லை. (பிரசங்கத்தை நேரத்தோடு முடிப்பதில்லை என்ற குற்றச்சாட்டு வேறு, அதற்கு அவர் பொறுப்பல்லர்.)

அவருடைய கணவர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. 1954-இல் திருமணம். ஆண்மகன் அடுப்படியில் நின்றால் ஊர் சிரித்த காலம் அது. அவரோ மாலையில் உப்பளத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மீன் குழம்பு கூட்டுவார். மனைவி அரிக்கேன் விளக்கடியில் நோட்டுகளைத் திருத்துவார். தேநீர்க் கடையில் யாரோ கேலி செய்தபோது, “அவ கையில மை, என் கையில மிளகா. ரெண்டும் கழுவினாப் போகும்” என்றாராம். இந்த மனிதரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். எத்தனையோ திருமண ஆயத்த வகுப்புகளில் நான் நீட்டி முழக்கியதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

1974-இல் அவர் பக்கவாதத்தில் விழுந்தார். பதினோர் ஆண்டுகள், 1985-இல் இறக்கும்வரை, படுக்கையிலேயே கிடந்தார். மூத்த மகளுக்கு அப்போது வயது பதினெட்டு; பி.யூ.சி. தேறி, பட்டப்படிப்புக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. தம்பியர் இருவரும் பள்ளியில். வீட்டின் ஒரே வருமானம் டீச்சரின் சம்பளம். அவர் பள்ளிக்குப் போனால்தான் மருந்து வாங்க முடியும். அவர் பள்ளிக்குப் போனால் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க, துடைக்க, கஞ்சி புகட்ட யாரேனும் வேண்டும். அந்த ‘யாரேனும்’ மகளாயிற்று. யாரும் அவளிடம் கேட்கவில்லை. யாரும் ஆணையிடவும் இல்லை. கல்லூரி திறந்த நாள் வந்தது, போயிற்று, அவ்வளவுதான். தம்பியர் படித்தார்கள், ஒருவர் வங்கியிலும் மற்றவர் வெளிநாட்டிலும் வேலைக்குப் போனார்கள். தந்தை இறந்தபின் மகளுக்கு முப்பது வயதில் திருமணமாயிற்று. அதே தெருவில் குடியிருந்து பிற்பாடு தாயையும் அவரே பார்த்துக்கொண்டார்.

இறப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நாள் டீச்சரைப் பார்க்கப் போயிருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் அன்று, திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னது. ஆகவே எழுதத் தடையில்லை. “சாமி, ஊர்ப் பிள்ளைகளுக்காக எத்தனை வாசலில் போய் நின்றிருப்பேன். என் வீட்டு வாசலில் மட்டும் நான் போய் நிற்கவில்லை” என்றார். உள்ளே மகள் பாத்திரம் கழுவும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. நான் வழக்கமான ஆறுதல் மொழிகளைத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். வகுப்பில் தவறான விடை சொல்லத் தொடங்கும் பிள்ளையை நிறுத்துவதும் அதே சைகையால்தான்.

அடக்கத் திருப்பலியில் மறையுரை என்னுடையது. நீதிமொழிகள் நூலின் முப்பத்தோராம் அதிகாரத்திலுள்ள நற்பெண்ணை எடுத்துக்கொண்டு நெடுநேரம் பேசினேன். அவருடைய தியாகம், பொறுமை, முப்பத்தெட்டு ஆண்டுப் பணி, நோயுற்ற கணவருக்குச் செய்த தொண்டு ஆகிய யாவற்றையும் புகழ்ந்தேன். பலர் கண்ணீர் விட்டனர். எனக்கும் திருப்தியாகவே இருந்தது. முதல் வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த மகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த அதிகாரத்துப் பெண் விடியுமுன் எழுந்து தன் பணிப்பெண்களுக்கு வேலை பங்கிடுகிறாள். எத்தனையோ முறை வாசித்தும் அந்தப் பணிப்பெண்களை நான் கவனித்ததே இல்லை. நம் டீச்சர் வீட்டில் பணிப்பெண் கிடையாது. அந்த இடத்தில் நின்றது யார் என்று திண்ணையில் என் காதாலேயே கேட்டிருந்தும் பீடத்தில் நின்றபோது மறந்தேன். எழுத வேண்டிய கடமை என்று மேலே சொன்னது இதனைத்தான்.

இனிக் கல்லின் பிணக்குக்கு வருவோம். மக்கள் இருவரும் ‘தாய்’ முதலில் நிற்க வேண்டும் என்றனர். ஆசிரியை என்பது தொழில், தாய் என்பது பிறவிப் பந்தம் என்று மூத்தவர் வாதாடினார். இளையவர் தொலைபேசியில் அதையே ஆமோதித்தார். மகள்தான் ‘ஆசிரியை’ முதலில் வேண்டும் என்கிறார் என்று கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. அந்தச் சொல்லின் மேல் மனத்தாங்கல் கொள்ள யாருக்கேனும் உரிமை உண்டென்றால் அவருக்கல்லவா உண்டு? “நீ ஏனம்மா அப்படிச் சொல்கிறாய்?” என்று கேட்டேன். இத்தனை மாதங்களில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, “அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னுதான் சாமி நான் வீட்டுல இருந்தேன். அவங்க டீச்சரா இருந்ததுல என் படிப்பும் சேர்ந்திருக்கு. அந்தச் சொல்ல மூணாவதாப் போட்டா, அது எதுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாமப் போயிரும்” என்றார். குரலில் குற்றச்சாட்டும் இல்லை, அழுகையும் இல்லை. கடைக்காரரிடம் பாக்கிக் கணக்கை நினைவூட்டுவது போன்ற குரல்.

மூத்தவர் தலைகுனிந்து வெகுநேரம் இருந்தார். எழுபதை நெருங்கும் அக்காளை அவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அப்போ எனக்குப் பதினைஞ்சு வயசு. நீ வீட்டுல இருக்கிறது உனக்குப் பிடிச்சுத்தான்னு நினைச்சேன் அக்கா” என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் தீர்ப்பு எதுவும் வழங்கவில்லை. வழங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மறுநாளே கல் வெட்டுபவருக்குச் செய்தி போயிற்று.

என் பங்கில் கல்லறைத் திருநாள் கடமைகளை முடித்துக்கொண்டு மாலையில் ஊருக்குப் போய் என் பெற்றோர் கல்லறையில் செபிப்பது வழக்கம். கல் நட்டபின் வந்த நவம்பர் இரண்டாம் நாளன்றும் போயிருந்தேன். டீச்சரின் கல்லறை எங்கள் வரிசையிலேதான். மகள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார், கடற்காற்று அணைத்துக்கொண்டிருந்தது. அறுபதைக் கடந்த ஒருவர், கடலில் கறுத்த உடம்பு, கையில் ஒரு பொட்டலம் மெழுகுவர்த்தியுடன் வந்து நின்றார். கல்லைப் பார்த்து எழுத்துக் கூட்டி, “ஆ–சி–ரி–யை” என்று வாய்விட்டு வாசித்தார். என்னைக் கண்டதும், “அறுபத்தொம்பது, அஞ்சாம் வகுப்பு, சாமி” என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பெயரைச் சொல்லவில்லை.

மகள் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். தீப்பெட்டியையும் நீட்டினார். அவர் இரு உள்ளங்கைகளையும் குவித்துக் காற்றை மறைத்துத் திரியைப் பற்ற வைத்தார்.

“எந்த பெஞ்சு?” என்று கேட்டார் மகள்.

“கடைசி பெஞ்சும்மா. சன்னல் பக்கம். அங்கயிருந்து கடல் தெரியும்.”