மைதானத்தில் உடுத்திய சட்டைக்கு யார் சாட்சி?

2020 அக்டோபர் 19 அன்று அபுதாபியில் ராஜஸ்தான் ராயல்ஸிடம் சென்னை சூப்பர் கிங்ஸ் தோற்றது. ஜாஸ் பட்லர் ஆட்டமிழக்காமல் 70 ரன் எடுத்திருந்தார். தோனிக்கு அது 200-ஆவது ஐபிஎல் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் தன் 7-ஆம் எண் சட்டையை பட்லருக்குக் கொடுத்தார் தோனி. அதைக் கையில் பிடித்தபடி பட்லர் நிற்கும் படம் அன்றிரவே எங்கும் பரவியது. கொடுத்தவர், வாங்கியவர், நாள், ஊர் எல்லாம் ஊரறியப் பதிவானதால் அந்தச் சட்டையின் மேல் யாருக்கும் ஐயம் எழாது.

மற்றச் சட்டைகளின் கதை அப்படியில்லை. அந்த ஆண்டு துபாய், அபுதாபி, ஷார்ஜா மூன்று ஊர்களிலும் சேர்த்து 60 ஐபிஎல் ஆட்டங்கள் நடந்தன. நவம்பர் 6 அன்று சின்னப்பம்பட்டி நடராஜன் ஒரு யார்க்கரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 15 அன்று துபாயில் சென்னை கோப்பையை வென்றபோது டூ பிளெசிஸ் 86 ரன் அடித்தார். இருவரும் அந்த நாட்களில் உடுத்திய சட்டைகளில் ஒன்று நாளை விற்பனைக்கு வந்தால், அது அதுதான் என்று சொல்ல யாரிடம் சான்று இருக்கிறது?

துபாயின் பழைய வணிகப் பகுதியான தேராவில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. நைஃப் பக்கத்திலும் நாசர் ஸ்கொயர் பக்கத்திலும் மஞ்சள் சட்டையும் நீலச் சட்டையும் தொங்காத துணிக்கடைத் தெரு குறைவு. அதில் பெரும்பாலானவற்றை வாங்குபவர் காப்பி என்று தெரிந்தேதான் வாங்குகிறார். கிரிக்கெட் நாளில் போட்டுக்கொண்டு கத்துவதற்கு அது போதும். அதில் ஏமாற்று ஏதும் இல்லை. “இது ஆட்டத்தில் போட்டது, ஆள் மூலமாக வந்தது” என்ற பேச்சு எழும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தால் விலை பத்து மடங்கு, நூறு மடங்கு ஏறுகிறது. அந்த வாக்கியத்தை உண்மை என்று நிறுவ வாங்குபவரிடம் வழி இல்லை.

இதே தேராவின் தங்கச் சந்தையில் எட்டு கிராம் சங்கிலி வாங்குகிறவர் 22 காரட் முத்திரையைத் தேடிப் பார்க்கிறார், ரசீதில் எடையையும் செய்கூலியையும் தனித்தனியாக எழுதச் சொல்கிறார். துபாய் மாநகராட்சியின் ஆய்வகம் தங்கத்தைச் சோதிக்கிறது. ‘பரீக்’ என்ற தர முத்திரையும் கொடுக்கிறது. அதே ஆள் சட்டை விஷயத்தில் விற்பவரின் வாய்ச்சொல்லையும், கணினியில் அடித்த ஒரு ‘சான்றிதழையும்’ நம்பிப் பணம் கொடுக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தங்கத்துக்கு அரசு அமைத்த ஏற்பாட்டைச் சட்டைக்குக் கிரிக்கெட் அமைப்புகள் செய்து தரவில்லை.

இங்கே சட்டம் ஓரளவுக்குத்தான் கை கொடுக்கும். போலி முத்திரை குத்திய துணி என்றால் அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு வணிகமுத்திரைச் சட்டம் இருக்கிறது. ஆனால், ஆட்டத்தில் உடுத்தியது என்று விற்கப்படும் பொய்ச் சட்டை பல நேரம் உண்மையான கம்பெனிச் சட்டையே. துணி ஒரிஜினல், தையல் ஒரிஜினல், எண்ணும் சரி. அதற்குப் பின்னால் சொல்லப்படும் கதை மட்டும் பொய். அதை மோசடி என்று வழக்காடலாம். ஆனால் பொய் என்று நிறுவ உண்மையின் பதிவு ஒன்று எங்காவது இருக்க வேண்டுமே!

கூர்ந்து பார்த்தால் சில பொய்களைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். 2025 ஆசியக் கோப்பையில் இந்திய அணி மார்பில் தன் விளம்பரதாரர் பெயரே இல்லாமல் ஆடியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து ஆகஸ்டில் வந்த சட்டத்தால், அதுவரை விளம்பரதாரராக இருந்த ட்ரீம்11 விலகியிருந்தது. புதிய விளம்பரதாரரின் பெயர் அந்தத் தொடருக்குப் பிறகுதான் சட்டையில் ஏறியது. ஆகவே, செப்டம்பர் 28 துபாய் இறுதி ஆட்டத்தில் போட்டது என்று மார்பில் அணி விளம்பரதாரரின் பெயரோடு ஒரு சட்டை வந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. அதே ஆண்டு சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியா தன் எல்லா ஆட்டங்களையும் துபாயில்தான் ஆடியது. ஆனால் போட்டியை நடத்தும் நாடு பாகிஸ்தான் என்பதால் சட்டையிலிருந்த தொடர் இலச்சினையில் அந்நாட்டின் பெயர் இருந்தது. மார்ச் 2 அன்று நியூசிலாந்தின் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்திய வருண் சக்ரவர்த்தியின் சட்டை என்று யாராவது காட்டினால், முதலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் பொய்யை விலக்கும் வழிகள். ஒரு சட்டை உண்மையானது என்று நிலைநாட்ட இவை போதா. அதற்கு உலகம் இன்று நம்பும் முறை, ஆட்டத்தன்று எடுத்த கூர்மையான படங்களோடு சட்டையை அங்குலம் அங்குலமாக ஒப்பிடுவது. கையால் ஒட்டிய எண்ணின் சாய்வு, கோடு தையலைச் சந்திக்கும் இடம், பிரிந்து நிற்கும் நூல் ஆகியவை எந்த இரண்டு சட்டையிலும் ஒன்றுபோல் அமைவதில்லை.

இந்த முறையின் வலிமையை 2022-இல் மாரடோனாவின் சட்டை காட்டியது. 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் கையாலும் காலாலும் கோல் போட்ட அன்று, ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் அவரிடம் சட்டை மாற்றிக்கொண்டார். 36 ஆண்டு கழித்து அது லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது மாரடோனாவின் மகள் மறுத்தார். ஹாட்ஜிடம் இருப்பது முதல் பாதிச் சட்டை, கோல்கள் விழுந்தது இரண்டாம் பாதியில் என்பது அவர் வாதம். அர்ஜென்டினா அணி அன்று உடுத்திய நீலச் சட்டைகள் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு மெக்சிகோ நகரக் கடையில் அவசரமாக வாங்கி, இலச்சினை தைத்து, வெள்ளிநிற எண் ஒட்டியவை. அந்த அவசரமே சாட்சியானது: ஒவ்வொரு சட்டையிலும் இலச்சினையும் எண்ணும் கொஞ்சம் வேறுவேறு விதமாக அமைந்திருந்தன. ஹாட்ஜின் சட்டை இரண்டாம் பாதிப் படங்களோடு ஒத்துப்போனது என்று ஏல நிறுவனம் அறிவித்தது. 71 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது.

பேஸ்பாலில் இதைவிடப் பெரிய தொகை புழங்குகிறது. 1932 உலகத் தொடரில் பேப் ரூத் உடுத்திய சட்டை 2005-இல் 9.4 லட்சம் டாலருக்கு விற்றது. படங்களோடு பொருத்தம் உறுதியான பிறகு 2024 ஆகஸ்டில் அதே துணி 2.41 கோடி டாலரைத் தொட்டது. காலம் கூட்டிய விலை போக, எஞ்சியது சான்றின் விலை.

ஆனால் படத்தை ஒப்பிடுவது நோய் வந்த பின் செய்யும் வைத்தியம். அமெரிக்க பேஸ்பால் அமைப்பு வருமுன் காக்கும் வழியைத் தேடியது, அதுவும் பட்ட பிறகுதான். 1990-களின் இறுதியில் எஃப்பிஐ நடத்திய புலனாய்வில் போலிக் கையெழுத்துக் கும்பல்கள் பிடிபட்டன. சான் டியகோ வீரர் டோனி க்வின் தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பதைக் கண்டுபிடித்தார். 2001-இல் புதிய ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சரிபார்ப்பாளர் மைதானத்திலேயே இருப்பார். பலர் முன்னாள் போலீஸ்காரர்கள். பொருள் ஆட்டக்களத்திலிருந்து வெளியே வருவதை அவர் கண்ணால் பார்த்தால் மட்டுமே எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டுவார். உரித்தால் அது சிதைந்துவிடும். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தட்டி, எந்த ஆட்டம், எந்த வீரர் என்று பார்க்கலாம்.

சரிபார்ப்பவர் அணியைச் சேராதவராக இருப்பது மிக முக்கியம். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஈலை மானிங் ஆட்டத்தில் அணிந்ததாகச் சொல்லிப் போலித் தலைக்கவசங்கள் விற்கப்பட்டன என்று சேகரிப்பாளர்கள் 2014-இல் வழக்குப் போட்டார்கள். அவர் மறுத்தார், 2018-இல் சமரசம் ஆனது. உண்மை எதுவாயினும், அணியின் சொல்லே சான்று என்னும் ஏற்பாட்டில் நல்லவர் மேலும் பழி விழும் என்பதை அந்த வழக்கு காட்டியது.

கிரிக்கெட் வாரியங்களும் அணிகளும் அவ்வப்போது ஏலம் நடத்துகின்றன. பேஸ்பால் போல எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான, எவரும் பார்க்கக்கூடிய ஒரே பதிவேடு இன்னும் வரவில்லை. சட்டைக்கெல்லாம் இத்தனை அலட்டலா என்று கேட்பவர்கள் 2024 ஆகஸ்டை நினைக்கட்டும். செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்காக கே.எல். ராகுல் தம்பதி நடத்திய ஏலத்தில் கோலியின் சட்டை மட்டும் 40 லட்சம் ரூபாய்க்குப் போனது. நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் இப்படிப்பட்ட ஏலங்களில் கை தூக்க ஆள் வராது. அப்போது இழப்பு அந்தக் குழந்தைகளுக்கு. சிறுகச் சிறுகச் சேர்த்த திர்ஹத்தை ஒரு சட்டைக்குக் கொடுக்கும் தேராக்காரருக்கோ கேட்கக்கூட ஆள் கிடையாது.

சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2005 முதல் துபாயில்தான் இருக்கிறது. தேராவிலிருந்து கார் எடுத்தால் அதன் அலுவலகம் அரை மணிப் பயணம்தான். எடுத்த எடுப்பில் உலகக் கோப்பையில் தொடங்க வேண்டியதில்லை. அமீரக வாரியத்தோடு பேசி இங்கேயே நடக்கும் ஐஎல்டி20 தொடரில் தொடங்கலாம். ஆறு அணிகள், மூன்று மைதானங்கள், 34 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு இரண்டு சரிபார்ப்பாளர்கள், எண்ணிட்ட முத்திரை, தமிழ், மலையாளம், உருது, அரபி, ஆங்கிலத்தில் ஓர் இணையப் பதிவேடு. செலவைச் சட்டை ஏலத்திலேயே எடுத்துவிடலாம். அடுத்த தொடரின் முதல் ஆட்டத்திலேயே அந்த முத்திரை ஒட்டப்பட வேண்டும்.