நான்கரை மணி நேரம்

காப்பித் தம்ளரைப் பிடித்திருந்த வலக்கை திடீரென வலுவிழக்கிறது. பேச வாயெடுத்தால் நாக் குழறுகிறது. வீட்டிலுள்ளோர் பதறினாலும், "இரவு சரியான உறக்கமில்லை, சற்றுப் படுத்தெழுந்தால் சரியாகிவிடும்" என்று பாயை விரிக்கின்றனர். ஒருவர் தைலம் தேய்க்கிறார். மற்றொருவர் வெந்நீர் புகட்டுகிறார். அன்பினால் செய்யப்படும் இப்பணிவிடைகளே பல குடும்பங்களில் மீட்க இயலாத இழப்புக்கு வழிவகுத்துவிடுகின்றன.

பக்கவாதம் கைகால்களில் தோன்றும் நோயன்று, மூளையில் தோன்றுவது. 1861ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்னும் மருத்துவர் ஒரு நோயாளியைக் கண்டார். பிறர் கூறுவது அவருக்குப் புரிந்தது. ஆனால் எதைக் கேட்டாலும் 'டான்' என்னும் ஒலியே பெரும்பாலும் விடையாக வந்தது. அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, இடப்புற முன்பகுதி சிதைந்திருந்தது. உடலின் வலப்பக்கத்தை இயக்குவதும் இடப்பக்க மூளையே. வலக்கையும் பேச்சும் ஒருசேரத் தளர்வதன் காரணம் இதுதான்.

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்; நாம் உட்கொள்ளும் பிராணவாயுவில் சுமார் 20 சதவீதம் அதற்கே செலவாகிறது. கையிருப்பு என்று எதையும் வைத்துக்கொள்ளாத உறுப்பு அது. பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிவதாக அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார்.

பக்கவாதம் இருவகை. பெரும்பாலானவை குழாய் அடைப்பினால் வருபவை. மற்றவை குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருபவை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே, சிகிச்சையோ நேர்மாறானது. அடைப்பைக் கரைக்கும் மருந்து கசிவுக்கு எமனாகும். இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியைத் தந்தவர் மருத்துவரல்லர். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர். அவர் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி 1971 அக்டோபரில் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அவர் பணியாற்றியது ஈ.எம்.ஐ. நிறுவனத்தில். நம் இல்லங்களில் சுப்ரபாதம் ஒலித்த எச்.எம்.வி. இசைத்தட்டுகளுக்கும் அதுவே தாய் நிறுவனம் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து 3 மணி நேரத்துக்குள் செலுத்தப்பட்டால் பயன் தரும் என்று 1995இல் தெளிவாயிற்று. 2008இல் அந்த வரம்பு நான்கரை மணியாக நீண்டது. பெரிய குழாய் அடைபட்டிருந்தால், தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் முறையும் இன்று உண்டு. தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அதனைச் செய்கின்றனர். ஆயினும் முந்துமளவுக்கே பலன் மிகும். இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. நேரம் கணக்கிடப்படுவது பிறர் கண்ட வேளையிலிருந்தன்று. நோயாளி கடைசியாக நலமாக இருந்த வேளையிலிருந்து. ஆதலால் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை.

சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபுறம் கோணுகிறதா, இரு கைகளையும் உயர்த்தினால் ஒன்று தாழ்கிறதா, பேச்சு தெளிவாக உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பேச்சைச் சோதிக்க நாள்தோறும் சொல்லும் சுலோகம் உதவாது. பல்லாண்டு பழகிய தோத்திரமும் பாட்டும், பேச்சிழந்தவர்க்கும் சிலவேளை தடையின்றி வருவதுண்டு. புதிய வாக்கியம் ஒன்றைச் சொல்லச் செய்வதே சரி. மூன்றில் ஒன்று பிழைத்தாலும் 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியும் கரைப்பு மருந்தும் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழுங்கும் திறன் குன்றியிருக்குமாதலால் நீரும் காப்பியும் புகட்டலாகாது, நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஆஸ்பிரின் மாத்திரையையும் வீட்டில் தரலாகாது. வழக்கமாக உண்ணும் மாத்திரைகளின் சீட்டு கையில் இருக்கட்டும்.

சிலருக்குப் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். வேலைக்குச் சென்ற மகனுக்கோ தொலைவில் வாழும் மகளுக்கோ ஏன் தொந்தரவு என்று அதனைச் சொல்லாமலே மறைக்கும் பெரியவர்கள் பலர். உண்மையில், அதற்கடுத்த இரண்டு நாட்களே பெரிய தாக்குதல் வரக்கூடிய அபாயம் மிகுந்தவை. அன்றே மருத்துவமனை சென்றால், கழுத்து இரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா, இதயத்துடிப்பு சீர்குலைந்திருக்கிறதா என்று கண்டறிந்து மருந்து தர இயலும்.