பாய்லரும் குளமும்

சென்ற மாதம் ஹுத்தான் மெலிந்தாங்கில் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். மதியம் இரண்டு மணி. தலைக்கு மேல் காற்றாடி சுற்றியும் வியர்வை நிற்கவில்லை. செம்பனை ஆலையில் முப்பது ஆண்டுகள் பாய்லர் பார்த்தவர் அப்பா. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, உலகம் சூடாயிருச்சுங்கிறாங்களே. அவ்வளவு வருசம் நாங்க எரிச்ச நெருப்புக்கும் அதுல பங்கு இருக்கா?"

சிரித்து மழுப்பியிருக்கலாம். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

முதலில் வெப்பக் கணக்கு. எந்த இயந்திரமும் தனக்குக் கிடைக்கும் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது. ஒரு பகுதியை வெளியே விட்டே ஆக வேண்டும். இது இயற்கையின் சட்டம். மஞ்சோங் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் சக்தியில் பாதிக்கும் குறைவுதான் மின்சாரமாகிறது. மீதி கடலுக்கும் காற்றுக்கும் போகிறது. அந்த மின்சாரமும் நம் வீட்டு விளக்கிலும் குளிர்சாதனத்திலும் உழைத்துவிட்டுக் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது.

அப்படியானால் அந்த வெப்பம்தான் பூமியைச் சுடுகிறதா? மனிதகுலம் பயன்படுத்தும் மொத்த சக்தி, எந்த நேரத்திலும் ஏறத்தாழ 20 டெராவாட். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 0.04 வாட்தான் வரும். ஆனால், தொழிற்புரட்சிக்குப் பிறகு காற்றில் சேர்ந்த கரியமிலவாயு மட்டுமே சதுர மீட்டருக்கு 2 வாட் அளவு வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. அதாவது ஐம்பது மடங்கு. போர்வை தானாகச் சுடுவதில்லை. உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைப்பதால்தான் நமக்குப் புழுங்குகிறது. பூமிக்கும் அதே கதை.

நெரிசலான நகரத்தில் கழிவு வெப்பத்துக்கு வலு உண்டு. கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் ஒவ்வொரு குளிர்சாதனப் பெட்டியும் அறைச் சூட்டைத் தெருவுக்குத் தள்ளுகிறது. ஆனால் உலகத்தின் காய்ச்சலுக்கு அது காரணமல்ல.

அடுத்தது புகைக் கணக்கு. அப்பா பாய்லரில் போட்டது பழம் பிழிந்த நாரும் கொட்டை ஓடும். அவற்றில் இருந்த கரி, மரம் சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து எடுத்தது. எரித்தபோது காற்றுக்கே திரும்பியது. நிலக்கரி அப்படியல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கரியை அது புதிதாகக் காற்றில் சேர்க்கிறது. காட்டை அழித்துச் செம்பனை நட்ட கணக்கு வேறு. அது பாய்லர்காரர் தலையில் விழாது.

இன்னொன்றும் சொன்னேன். அவர் பாய்லரின் நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தந்தது. சுழற்றி முடித்த நீராவி வீணாகப் போகாமல் குலைகளை அவித்தது. கழிவு வெப்பத்துக்கு வேலை கொடுக்கும் இந்த ஏற்பாட்டைப் பொறியியல் கல்லூரியில் எனக்குப் பாடமாக நடத்தினார்கள். அப்பா ஷிப்டு போட்டுச் செய்துகொண்டிருந்தார்.

அவர் முகம் தெளிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் பாதி உண்மையைத்தான் சொல்லியிருப்பேன்.

"குத்தம் பாய்லர்ல இல்லப்பா. பின்னால இருந்த குளத்துல."

ஒரு டன் குலையை ஆட்டினால் அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வரும். அது சுடச்சுடத் திறந்த குளங்களுக்குப் போகும். அடியில் காற்றுப்படாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயு விடுகின்றன. ஒரு டன் கழிவுநீருக்கு ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயு. அதில் பாதிக்கு மேல் மீத்தேன். எடைக்கு எடை பார்த்தால், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது இந்த மீத்தேன். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. குமிழி மட்டும்தான்.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "புதுசா வர்ற பையன்கள்ட்ட அதுல மீன் இருக்குன்னு சொல்லி ஏமாத்துவோம். குமிழியப் பாத்துட்டு நம்பிருவானுங்க."

மருந்து நம் கையிலேயே இருக்கிறது. குளத்தைக் கெட்டியான விரிப்பால் மூடி, வாயுவைக் குழாயில் பிடித்து, இயந்திரத்தில் எரித்தால் மின்சாரம். 2014 முதல் புதிதாகக் கட்டும் ஆலைகளும் விரிவுபடுத்தும் ஆலைகளும் இந்த ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும் என்று மலேசிய செம்பனை வாரியம் விதித்திருக்கிறது. பழைய ஆலைகளுக்கு அந்தக் கட்டாயம் அப்போது வரவில்லை.

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், தாத்தா வேலை செய்த ஆலைக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். எல்லாரும் பாய்லரைத்தான் காட்டுவார்கள். பின்பக்கம் போய்க் குளம் மூடியிருக்கிறதா என்று பார்த்து வரட்டும்.

நான் கிளம்பும்போது அப்பா வாசல்வரை வந்தார். "அந்த ஆபீஸ்ல இன்னும் ரெண்டு பேரு எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. கேட்டுப் பாக்கறேன்" என்றார்.