வழி சொல்லும் கைக்கருவி

டோல்கேட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"ஐயா, என் வீட்டுக்காரர் பைபர் படகில் தொழில் செய்கிறார். மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. கடலில் வழி பார்க்க ஒரு ஜி.பி.எஸ். கருவி வேண்டும் என்கிறார் அவர். மகனோ, அந்தக் கருவியைத் தனக்கு வாங்கித் தந்தால் 'ஜியோகாச்சிங்' என்று ஏதோ புதையல் தேடும் விளையாட்டு விளையாடலாம் என்கிறான். கடைக்குப் போனால் பத்து விதம் எடுத்துக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? ஒன்றே இரண்டு பேருக்கும் போதுமா?"

நல்ல கேள்வி. சீட்டுப் பணம் என்பது மாதா மாதம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். அதைக் கொண்டுபோய்ப் பளபளப்பைப் பார்த்துக் கொட்டிவிடக் கூடாது அல்லவா?

முதலில் பிள்ளையாண்டான் சொல்லும் விளையாட்டு என்ன என்று பார்ப்போம். அமெரிக்கா வானத்தில் சுற்றவிட்டிருக்கும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள், தொடக்கத்தில் ராணுவத்துக்காக ஏற்பட்டவை. பொதுஜனங்களுக்குக் கிடைக்கும் சைகையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அதனால் கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தப்பும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி நள்ளிரவில் ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழையை நீக்கினார்கள். இரண்டே நாளில், மே 3-ந் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாகாணத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒளித்து வைத்தார். உள்ளே ஒரு நோட்டும் பென்சிலும் சில சில்லறைப் பரிசுகளும். இடத்தின் எண்களை மட்டும் ஊரறியச் சொன்னார். கண்டுபிடிப்பவர் நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஒன்றை எடுத்துக்கொண்டால் வேறொன்றை வைத்துவிட்டு வரவேண்டும். இன்று உலகமெங்கும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்து கிடக்கின்றன.

சகோதரியின் வீட்டுக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். நம் கடற்கரைக்கு இது புதிதா என்ன? கடலுக்கு அடியில் பாறை நிறைந்த இடத்தைப் 'பார்' என்கிறோம். அங்கேதான் மீன் கூடும். மேலே பார்த்தால் எங்கும் ஒரே தண்ணீர். அந்தப் பாரைத் திரும்பக் கண்டுபிடிக்கக் கட்டுமரக்காரர்கள் கரையைப் பார்த்து அடையாளம் வைத்தார்கள். கோவில் கோபுரம் ஒரு பனைமரத்துக்கு நேராக வரவேண்டும். அதே சமயம் இன்னொரு பக்கத்தில் புகைபோக்கி ஒரு கட்டடத்துக்கு நேராக நிற்கவேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே பார். குமரிக் கடற்கரையில் இந்த வித்தைக்குக் 'கணியம்' என்று பெயர். தகப்பன் பிள்ளைக்குச் சொத்தைப்போல் கொடுத்துச் செல்லும் ரகசியம் அது. கரை மறையும் தூரத்துக்குப் போனாலோ, மூட்டம் போட்டாலோ இந்த வித்தை பலிக்காது. அந்த இடத்தில்தான் கருவி கைகொடுக்கிறது.

கருவி எப்படி வேலை செய்கிறது? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது செயற்கைக் கோள்கள் வரை சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது" என்று ஒவ்வொன்றும் ஓயாமல் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேதி வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு கோள்களின் குரல் கேட்டால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். கணக்கில் ஒரு செக்கண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தப்பிவிடும் என்றால் அதன் நுட்பத்தைப் பாருங்கள்! கருவி கேட்கிறதே தவிரப் பேசுவதில்லை. ஆகையால் மாதச் சந்தா கிடையாது. கைபேசிக் கோபுரமும் வேண்டாம்.

இனி, கடைக்குப் போய்ப் பார்க்கவேண்டிய விஷயங்கள்.

ஒன்று, தண்ணீர். பெட்டியின்மேல் 'ஐ.பி.எக்ஸ். 7' என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். ஆனால் நீர் புகாதது வேறு, மிதப்பது வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கார்மின் கம்பெனியின் 'ஈட்ரெக்ஸ்' வகைகள் சிறியவை, காட்டுக்கும் மலைக்கும் ஏற்றவை. தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடும். அதே கம்பெனியின் 'ஜி.பி.எஸ். மேப் 79' வகை கடலுக்கென்றே செய்தது, விழுந்தால் மிதக்கும். விலையும் அதற்குத் தக்கபடி கூடுதல். மூழ்கும் வகையை வாங்கினால் கயிறு போட்டுப் படகில் கட்டி வைக்கவேண்டும்.

இரண்டு, மின்சாரம். கழற்றி மாற்றக்கூடிய செல்லில் ஓடுவதே நல்லது. பேனா டார்ச்சுக்குப் போடும் சிறிய செல் இரண்டு போதும். 2011-இல் வந்த 'ஈட்ரெக்ஸ் 10' இரண்டு செல்லில் 25 மணி நேரம் ஓடும் என்றார்கள்; 2023-இல் வந்த 'ஈட்ரெக்ஸ் எஸ்.இ.' 168 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். இவை கம்பெனிக் கணக்கு. கையிருப்பாக இன்னொரு ஜோடி செல்லைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோவது நம் கணக்கு.

மூன்று, பொத்தான். தொட்டு இயக்கும் திரை கடையில் பார்க்க அழகாயிருக்கும். மீன் செதிலும் உப்பு நீருமாக இருக்கும் விரலால் தொட்டுப் பாருங்கள், அதன் அழகு தெரியும்! படகுக்குப் பொத்தான் வைத்ததுதான் சரி. கருவியை வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நான்கு, திசைகாட்டி. மலிவான கருவிகள் சிலவற்றில் தனித் திசைகாட்டி கிடையாது. நடந்தால்தான் அவை திசை சொல்லும். நின்றால் அம்புக்குறி தடுமாறும். பெட்டியை நெருங்கி நின்றுகொண்டு சுற்றிச் சுற்றித் தேடுகிறவனுக்கு இது பெரிய தொல்லை. 'ஈட்ரெக்ஸ் எஸ்.இ.'யில் திசைகாட்டி உண்டு. '22 எக்ஸ்' வகையில் இல்லை. '32 எக்ஸ்' வகையில் உண்டு. பெயர் ஒன்று போலிருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

ஐந்து, நினைவு. பார்த்த இடத்தைக் குறித்துவைக்கவும், அங்கே திரும்பப் போகவும், வந்த தடத்திலேயே மீளவும் கருவிக்குத் தெரியவேண்டும். இந்த மூன்றும் ஆரம்ப வகைகளிலேயே உண்டு. வண்ண வண்ணமான ரோடு படத்துக்கு அதிகப் பணம் கொடுக்கவேண்டாம். கடலில் ஏது ரோடு?

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கதி. அதற்குக் காசு செலவில்லை, கவனம்தான் செலவு. இடத்தின் எண்களை மூன்று விதமாக எழுதுவார்கள். பாகையும் அதன் தசமமும் ஒன்று. பாகை, கலை, கலையின் தசமம் என்பது ஒன்று. பாகை, கலை, விகலை என்பது ஒன்று. டோல்கேட் பூமியின் நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகை, 08.50 கலையில் இருக்கிறது. அந்த 08.50-ஐ '8 கலை 50 விகலை' என்று படித்தால் 20 விகலை தப்பிவிடும். அதாவது 600 மீட்டருக்கு மேல்! '13.0850 பாகை' என்று படித்துவிட்டாலோ ஆறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய்விடும். டோல்கேட்டைத் தேடிப் போனவர் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் நிற்பார். நிலத்தில் இது வேடிக்கை. கடலில் விலைபோகும் பிழை.

ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' என்ற மத்திய அரசு நிலையம், கடல் நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக் கோள் மூலம் ஆராய்ந்து, மீன் கூடக்கூடிய இடங்களை எண்களாகவே மீனவர்களுக்கு அறிவிக்கிறது. அந்த எண் எந்த விதத்தில் எழுதியிருக்கிறதோ அந்த விதத்திலேயே கருவியையும் அமைத்துக்கொள்ளவேண்டும். கூடவே 'டபிள்யு.ஜி.எஸ். 84' என்ற அளவுமுறை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரரை அங்கேயே அமைத்துத் தரச் சொல்வது உத்தமம்.

கருவியை எவ்வளவு தூரம் நம்பலாம்? திறந்த வெளியில் ஐந்தாறு மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். டோல்கேட் மெட்ரோ ரயில் பாலத்துக்கு அடியில் நின்று பார்த்தால் அதே கருவி உளறும். வானம் மறைகிறது அல்லவா? கடலில் வானத்துக்குக் குறைவில்லை. ஆனால் வேறொரு ஆபத்து உண்டு. "வீட்டுக்குப் போ" என்று பொத்தானை அழுத்தினால் அம்புக்குறி நேர்கோட்டில்தான் காட்டும். வழியில் அலையைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவு இருப்பது அதற்குத் தெரியாது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கப்பலும் தெரியாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை இவை இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஆகவே முகத்துவாரம், திரும்பும் இடம், கரை சேரும் இடம் என்று மூன்று நான்கு புள்ளிகளைப் பகல் வெளிச்சத்தில் குறித்துக்கொண்டு, இரவில் அவற்றின் வழியே வரவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது வழி சொல்லும் கருவியே ஒழிய, உதவிக்கு ஆள் கூப்பிடும் கருவி அன்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி போய்ச் சேராமல் குமரி மாவட்டம் பட்ட துயரத்தை மறக்க முடியுமா? அதனால்தான் ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் சேதி அனுப்பவும் பெறவும் கூடிய டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30-இல் தொடங்கப்பட்டது. அதைப் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். உயிர் காக்கும் சட்டையும், கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணும் எப்போதும் படகில் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது, செயற்கைக் கோள் வழியே சேதி அனுப்பும் 'இன்ரீச்' போன்ற கருவியைப் பரிசாகக் கொண்டுவருகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். கேட்க மட்டும் செய்யும் சாதாரண ஜி.பி.எஸ்.ஸுக்கு அந்த வம்பில்லை.

சரி, பிள்ளையின் விளையாட்டு? அவன் கைபேசியிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறது. ஊருக்குள் பெட்டி தேட அதுவே தாராளம். நம் பக்கத்தில் ஒளித்த பெட்டிகளும் மிகக் குறைவு. அவற்றுக்காகத் தனிக் கருவி வாங்குவது, ஒரு வேளை காப்பிக்குக் காப்பிக் கொட்டை அரைக்கும் யந்திரம் வாங்குவது போலத்தான். அவன் தானே பெட்டி வைக்க விரும்பினால், துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம், ரயில் பாதை ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது. கேட்பாரற்ற பெட்டி என்றால் ஜனங்கள் பயப்படுவார்கள், போலீசார் வருவார்கள். இடத்துக்கு உரியவரிடம் கேட்டுக்கொண்டு வைப்பதுதான் மரியாதை. பெட்டியே இல்லாமல், ஓர் இடத்துக்குப் போய் அங்குள்ள மண்ணையும் பாறையையும் கவனித்துக் கேள்விக்கு விடை சொல்லும் விதமும் இந்த விளையாட்டில் உண்டு. கடல் அரிப்பை நித்தம் பார்க்கும் வடசென்னைப் பிள்ளைக்கு அது நன்றாகப் பொருந்தும்.

ஆகவே சகோதரிக்கு என் யோசனை இது. கருவி ஒன்றே போதும். அதைப் படகுக்கென்றே வாங்குங்கள். பணம் இடம் கொடுத்தால் மிதக்கும் கடல் வகை. இல்லாவிட்டால் பொத்தானும் திசைகாட்டியும் உள்ள 'ஈட்ரெக்ஸ் எஸ்.இ.' போன்ற ஆரம்ப வகை. கூடவே நல்ல கயிறு. விலை கடைக்குக் கடை மாறுகிறது. இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து, ரசீதும் உத்தரவாதச் சீட்டும் இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கிய அன்றே வீட்டு வாசலைக் குறித்துவிட்டு, நான்கு தெரு சுற்றிவந்து, கருவி திரும்பக் கொண்டுவந்து விடுகிறதா என்று பாருங்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள்; உப்பு எதையும் தின்றுவிடும்.

கடலுக்குப் போகாத நாட்களில் கருவி மகன் கைக்கு வரட்டும். ஒரு நிபந்தனை: அப்பா குறித்துவைத்த பார்களின் எண்களை எல்லாம் அவன் ஒரு நோட்டில் அழகாக எழுதிவைக்கவேண்டும். கருவி கடலில் போனால் இன்னொன்று வாங்கலாம். இருபது வருஷம் அலைந்து கண்டுபிடித்த இடங்களைக் கடையில் விற்கமாட்டார்கள். அந்த நோட்டு முடியும்போது, உங்கள் பிள்ளை புதையல் வேட்டையில் யாருக்கும் சளைத்தவனாக இருக்கமாட்டான்.