துவங்காத இயந்திரமும் அழியக்கூடாத பதிவும்

கோலார் தங்க வயலில், ஆண்டர்சன்பேட்டைக்கு அண்மையிலுள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பூமிக்கடியில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965ஆம் ஆண்டில் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயங்கள் கண்டறியப்பட்டன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் கூடி நடத்திய பரிசோதனை அது. துகள் சென்ற வழியை நியான் குழாய்கள் ஒளிர்ந்து காட்டின. புகைப்படக் கருவி அதனைப் பதிந்து வைத்தது.

அதே சுரங்கத்தில் பிற்பாடு பதிவான சில நிகழ்ச்சிகள் அறிந்த விதிகளுக்குள் எளிதில் அடங்கவில்லை. 1975இல் அவை வெளியிடப்பெற்றன. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2014இல், எம். வி. என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, கரும்பொருள் துகளின் சிதைவாக அவை இருக்கலாகாதா என்று வினவினர். அக்கருத்து இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் அவ்வினா எழுவதற்கே பழைய பதிவுதான் இடந்தந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அதன் ஆழங்களை நீர் நிரப்பிவிட்டது. பரிசோதனைக் களம் மறைந்தது, பதிவே எஞ்சியது.

இன்று இத்தகைய பதிவுகள் படச்சுருளில் இல்லை. சேமிப்புச் சர்வர்களின் வட்டுகளில் உள்ளன. ஒருநாட் காலை அச்சர்வர் துவங்க மறுக்கிறது. அப்போது என்ன செய்கிறோம் என்பதே இங்கு நமது கேள்வி.

இயந்திரம் துவங்காமை வேறு. பதிவு அழிந்தமை வேறு. பெரும்பாலான சர்வர்களில் இயக்க முறைமை ஒரு வட்டிலும், பதிவுகள் வேறு வட்டுகளிலும் இருக்கும். முன்னது பழுதானாலும் பின்னவை நலமாகவே இருக்கக் கூடும். இதை மறந்து அவசரப்படும் கையே பல சமயங்களில் உண்மையான நாசத்தை விளைவிக்கிறது.

ஆகவே ஆராய்ச்சி எளியதிலிருந்து தொடங்கவேண்டும். மின்சாரம் சரியாக வருகிறதா? விளக்குகள் எரிகின்றனவா? திரையில் தோன்றும் செய்தி யாது? அதனை எழுதிவைத்துக்கொள்க. தாய்ப்பலகையில் நாணயம் போன்றதொரு சிறு மின்கலம் உண்டு. அது தீர்ந்துபோனால் துவக்க அமைப்புகள் மாறிவிடலாம். இயந்திரம் தவறான வட்டைத் தேடி நின்றுவிடும். நினைவக அட்டை சற்றே தளர்ந்திருப்பினும் இதே நிலைதான். இவற்றைச் சோதியாமல் வட்டுகளைத் தொடுவது தகாது.

வட்டுகளைக் கழற்ற நேரின், எது எந்த இடத்தில் இருந்தது என்று முதலில் குறித்துக்கொள்ளல் வேண்டும். பல வட்டுகளை ஒன்றாகப் பிணைக்கும் ரெய்டு அட்டையை மாற்றினால், புதிய அட்டை பழைய வட்டுகளை அந்நியமானவை என்று அறிவிக்கலாம். அங்கே பழைய அமைப்பை ஏற்றுக்கொள்ளும் வழியும் உண்டு. அதனை நீக்கிப் புதிதாக அமைக்கும் வழியும் உண்டு. இரண்டாவதைத் தெரிந்தெடுத்தால் பல்லாண்டு உழைப்பு ஒரு நொடியில் பாழாகக் கூடும். இயன்றவரை ஒவ்வொரு வட்டையும் முழுமையாகப் பிரதி எடுத்த பின்னரே பழுது பார்க்க வேண்டும்.

ரெய்டு முறையையே காப்புப்பிரதி என்று கருதுவது மற்றொரு பிழை. ஒரு வட்டு பழுதானால் அம்முறை தாங்கும். தவறான கட்டளையையோ தீயையோ வெள்ளத்தையோ அது தாங்காது. தனிப் பிரதி வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும்.

சர்வர் வாங்கப் பணம் ஒதுக்கும்போதே பிரதிக்கும் ஒதுக்குதல் விதியாக வேண்டும் என்பது நமது கருத்து. ஆண்டுக்கொரு முறையேனும் அப்பிரதியிலிருந்து பதிவுகளை மீட்டுப் பார்த்தலும் வழக்கமாக வேண்டும். மீட்டுப் பாராத பிரதி வெறும் நம்பிக்கையே. இயந்திரத்தை மீண்டும் வாங்கலாம். நீர் நிரம்பிய சுரங்கத்தில் எடுத்த அளவீட்டை எங்கே போய் வாங்குவது?